பச்சையப்பரின் உயிலும் நாற்பத்தேழு வருஷத்து வட்டியும்

உயில் எழுத வருகிறவர்கள் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுவார்கள். மூத்தவன் அமெரிக்காவில் இருக்கிறான், அவனுக்கு வீடு எதற்கு. மந்தைவெளி ஃபிளாட் பெண்ணுக்கு. நகை மருமகள் கைக்குப் போகக் கூடாது. இப்படியே ஒரு மணி நேரம் ஓடிவிடும். எல்லாம் முடிந்த பிறகு வக்கீல் பேனாவை மூடப் போகும் சமயத்தில், "எக்ஸிக்யூட்டரா யாரைப் போடட்டும்?" என்று கேட்பார். "யாரையாவது போடுங்க சார்" என்று பதில் வரும். மயிலாப்பூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த 'யாரையாவது' பிற்பாடு என்ன பாடுபடுத்தும் என்பதைக் கட்டுக் கட்டாக டேக் போட்டுக் கட்டியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

எக்ஸிக்யூட்டர் என்றால் உயிலை நிறைவேற்றி வைக்கிறவர். இறந்தவரின் சொத்தை ஒன்று சேர்க்க வேண்டும், வர வேண்டிய பாக்கியை வசூலிக்க வேண்டும், கொடுக்க வேண்டிய கடனைக் கொடுக்க வேண்டும், ஈமச் செலவைத் தீர்க்க வேண்டும். மிச்சம் இருப்பதை உயிலில் சொன்னபடி பிரித்துக் கொடுத்துவிட்டுக் கணக்கு ஒப்பிக்க வேண்டும். இந்திய வாரிசுரிமைச் சட்டம் இதற்குக் கெடு வைத்திருக்கிறது. புரொபேட் கிடைத்து 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல், 1 வருஷத்துக்குள் வரவு செலவுக் கணக்கு. ஒழுங்காகத் தாக்கல் செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அது தனிக் கதை.

புரொபேட் என்பது உயில் உண்மையானதுதான் என்று கோர்ட்டு முத்திரை போட்டுத் தரும் சான்று. நான் வேலை பார்த்த காலமெல்லாம், சென்னை நகர எல்லைக்குள் சொத்து இருந்தால் ஹைகோர்ட்டில் புரொபேட் வாங்காமல் எக்ஸிக்யூட்டரின் உரிமையை எந்தக் கோர்ட்டிலும் நிலைநாட்ட முடியாது. மதுரைக்காரர் மதுரைச் சொத்துக்கு உயில் எழுதினால் இந்தத் தொல்லை கிடையாது. "தி.நகர்ல வீடு வாங்கினது அவ்வளவு பெரிய குத்தமா?" என்று ஒரு கட்சிக்காரர் எங்கள் சீனியரிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் கோபித்துக்கொள்ள வேண்டியது 1801-ஆம் வருஷத்தை.

அந்த வருஷம்தான் சென்னப்பட்டணத்தில் சுப்ரீம் கோர்ட்டு வந்தது. டெல்லியில் இருப்பது இல்லை. இங்கிலாந்து அரசரின் சாசனப்படி இங்கேயே நடந்த கோர்ட்டு. அதன் அதிகாரம் பெரும்பாலும் பட்டணத்து எல்லைக்குள் இருப்பவர்கள் மேல்தான். எல்லைக்கு வெளியே கிழக்கிந்தியக் கம்பெனியின் அதாலத்துக் கோர்ட்டுகள். 1862-இல் ஹைகோர்ட் வந்தபோது சுப்ரீம் கோர்ட்டின் பழைய அதிகாரங்கள் 'ஒரிஜினல் சைடு' என்ற பெயரில் அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. உயில் விஷயமும் அப்படி வந்ததுதான்.

அந்தப் பழைய சுப்ரீம் கோர்ட்டு பார்த்த உயில் வழக்குகளில், சென்னைக்காரர்கள் இன்றும் தினமும் பெயர் சொல்கிற ஒன்று உண்டு. வழக்கு என்று தெரியாமலே சொல்கிறார்கள். அது பச்சையப்ப முதலியாரின் உயில்.

ஹைகோர்ட்டுக்கு எதிரே என்.எஸ்.சி. போஸ் ரோட்டில், நடைபாதைக் கடைகளுக்குப் பின்னால், கிரேக்கக் கோயில் மாதிரி தூண்கள் வைத்த ஒரு கட்டடம் நிற்கிறது. ஏதென்ஸில் உள்ள ஒரு பழைய கோயிலை மாதிரியாக வைத்துக் கட்டிய பச்சையப்பன் மண்டபம் அது. 1846-இல் அடிக்கல் நாட்டி, 1850-இல் கவர்னர் சர் ஹென்றி பாட்டிஞ்சர் திறந்து வைத்தார். பெல்ட்டு, செல்போன் கவர், பிளாஸ்டிக் வாளி எல்லாம் தாண்டி அண்ணாந்து பார்த்தால்தான் தூணின் தலை தெரியும். வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வழியே போய் வந்த நாளெல்லாம், ஒரு எக்ஸிக்யூட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தால் இந்தக் கட்டடம் இங்கே வந்திருக்காதே என்று எனக்குத் தோன்றும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

பச்சையப்பர் பிறந்தது 1754-இல். காஞ்சிபுரத்துக் குடும்பம், தகப்பனார் விசுவநாத முதலியார், மகன் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். தாயார் பூச்சியம்மாள் கர்ப்பிணியாகப் பெரியபாளையத்துக்குப் போய் அங்கே இவரைப் பெற்றார். அங்கே ஆதரித்தவரும் இறந்துபோகவே, பிள்ளைகளோடு பட்டணத்துக்கு வந்தார்கள். இங்கே அடைக்கலம் தந்தவர் பவுனி நாராயண பிள்ளை. அவர் ஒரு துபாஷி. வெள்ளைக்கார வியாபாரிக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேசி, வாங்கி, விற்று, கடன் ஏற்பாடு செய்து, இரண்டு பக்கமும் சம்பாதித்தவர்களைத்தான் துபாஷி என்பார்கள். பையனுக்கு இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக் கொடுத்துத் தொழிலிலும் இறக்கிவிட்டார் நாராயண பிள்ளை. பதின்ம வயதிலேயே தரகுக்குப் போன பச்சையப்பர் பிறகு சல்லிவன் என்ற கம்பெனி அதிகாரிக்குத் துபாஷியானார், வரி வசூல் குத்தகை எடுத்தார், தஞ்சாவூர் அரசருக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தார்.

வீடு கோமளீசுவரன்பேட்டையில். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் விழிப்பார். புதுப்பேட்டை என்றால் வண்டியைக் கிளப்புவார். போய்ப் பார்த்தேன். பழைய காரின் கதவு, பம்பர், ஹெட்லைட், கியர் பாக்ஸ் என்று தெருவெல்லாம் உதிரி பாகம் குவிந்து கிடக்கிறது. கிரீஸ் நாற்றத்தைத் தாண்டிப் போனால் கோமளீசுவரர் கோயில், அதற்கு அப்பால் கூவம். பச்சையப்பர் தினமும் காலையில் இந்தக் கூவத்தில் குளித்துவிட்டுத்தான் கோமளீசுவரரைக் கும்பிடப் போவாராம். கூவம் ஒரு காலத்தில் குளிக்கிற ஆறாக இருந்தது என்பதற்குச் சென்னைக்காரர்கள் எல்லோரும் இவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். நானும் கூப்பிட்டுவிட்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தில் நின்று பார்த்தபோது அவருடைய பக்தியைவிட அந்தத் தண்ணீரைத்தான் நம்பக் கஷ்டமாக இருந்தது.

சம்பாதித்த வேகத்தில் தர்மமும் செய்தார். சிதம்பரம் கிழக்குக் கோபுரத் திருப்பணியோடு அவர் பெயர் சேர்ந்தே சொல்லப்படும். வீட்டில் மட்டும் நிம்மதி இல்லை. இரண்டு மனைவியர், அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை, சொத்தை ஆள ஆண் வாரிசும் இல்லை. 40 வயதில் உடம்பு விழுந்துவிட்டது. 1794 மார்ச் 22-ஆம் தேதி கும்பகோணத்தில் உயில் எழுதினார். மார்ச் 31-ஆம் தேதி திருவையாற்றில் உயிர் பிரிந்தது. நடுவே 9 நாள்.

அந்த உயிலில் சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் கட்டளைகள் இருந்தன. க்ஷேத்திரங்களில் அன்னதானம், ஏழைகளுக்கு உதவி, வடமொழிப் படிப்புக்கு ஆதரவு என்று காசியிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் தர்மம் விரிந்திருந்தது. இங்கிலீஷ் பள்ளிக்கூடம் அதில் இல்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறைவேற்றுகிற பொறுப்பு, தன்னை வளர்த்து ஆளாக்கிய நாராயண பிள்ளையிடம்.

இதைவிட நியாயமான தேர்வு வேறு இருக்க முடியுமா? எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்களும் இப்படித்தான் செய்வார்கள். நம்பிக்கையான மனுஷர், நம்மை வளர்த்தவர் அல்லது நம்மோடு வளர்ந்தவர், அவரைப் போடுவார்கள். வயது என்ன, உடம்பு எப்படி, அவருக்குப் பின் யார் என்று கேட்பதில்லை. 40 வயதுக்காரர் தன்னை வளர்த்த பெரியவரை எக்ஸிக்யூட்டராகப் போட்டால் அந்தப் பொறுப்பு எத்தனை வருஷம் அவர் கையில் நிற்கும்? பிறகு அது அவருடைய வாரிசுகளிடம் போகும், இறந்தவரின் முகத்தையே பார்த்திராதவர்களிடம் போகும்.

தர்மங்கள் எழுதியபடி நடக்கவில்லை. சொத்து யாருக்கு, யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்று உறவுக்காரர்களும் உரிமை கொண்டாடியவர்களும் கோர்ட்டு ஏறினார்கள். பச்சையப்பன் கல்லூரியின் வரலாறுகள் எக்ஸிக்யூட்டர்களை ஒரே வரியில் 'நிறைவேற்றத் தவறினார்கள்' என்று தள்ளிவிட்டுப் போகின்றன. ஒரு குமாஸ்தாவின் கண்ணுக்கு அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. துபாஷியின் சொத்து இரும்புப் பெட்டியில் இருக்காது. வெளியே கடனாக நிற்கும்: அரசருக்குக் கொடுத்தது, அதிகாரிக்குக் கொடுத்தது, குத்தகையில் முடங்கியது. தஞ்சாவூர் அரசரிடம் போய்ப் பாக்கியைக் கேட்கிற எக்ஸிக்யூட்டரை நினைத்துப் பாருங்கள். உயில் எழுதப்பட்டபோது தஞ்சாவூர் தனி ராஜ்யம்; 5 வருஷம் கழித்து 1799-இல் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. கடன் வாங்கியவரின் ராஜ்யமே கைமாறிப் போன பிறகு யார் கதவைத் தட்டுவது? ஆனாலும், கைக்கு வந்த பணத்துக்காவது கோயில்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருக்கலாம். அதற்குச் சமாதானம் எனக்கும் கிடைக்கவில்லை.

பட்டணத்திலும் கோர்ட்டு நிலையாக இல்லை. பச்சையப்பர் இறந்தபோது இருந்தது மேயர் கோர்ட்டு. 1798-இல் அது போய் ரெக்கார்டர் கோர்ட்டு வந்தது, சர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் நீதிபதி. 3 வருஷத்தில் அதுவும் போய் சுப்ரீம் கோர்ட்டு, அதே ஸ்ட்ரேஞ்ச் தலைமை நீதிபதி. முதலில் கோட்டைக்குள், 1817 முதல் கடற்கரை ஓரத்துப் பெண்டிங்க் கட்டடத்தில். பழைய கலெக்டர் ஆபீஸ் என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதை இடித்துவிட்டு இப்போது சிங்காரவேலர் மாளிகை நிற்கிறது. ஒரே வழக்கு இப்படிக் கோர்ட்டு மாறி, நீதிபதி மாறி, கட்டடம் மாறிப் போனால் என்ன ஆகும் என்று எந்தக் குமாஸ்தாவைக் கேட்டாலும் சொல்வான்.

இந்து எழுதும் உயிலே செல்லுமா என்பது அடுத்த சிக்கல். நம் தர்ம சாஸ்திரத்தில் உயில் என்று ஒன்று கிடையாது. பட்டணத்தில் வெள்ளைக்காரர்களோடு புழங்கிய துபாஷிகளும் வியாபாரிகளும் அவர்களைப் பார்த்து எழுதப் பழகினார்கள். சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்றுக்கொண்டு வந்தது. எல்லைக்கு வெளியே வேறு மாதிரி. 1829-ஆம் வருஷத்து 5-ஆம் ரெகுலேஷன், இந்து சாஸ்திரத்துக்கு ஒத்துப்போகிற அளவுக்குத்தான் இந்துவின் உயிலுக்குச் சட்டப் பலன் என்று மாகாணத்துக்குச் சொல்லிவிட்டது. எழும்பூரில் செல்லும் காகிதம் செங்கல்பட்டில் சந்தேகம். 1870-இல் தனிச் சட்டம் வந்த பிறகுதான் கொஞ்சம் ஒழுங்கானது.

எல்லாவற்றையும் விடப் பெரிய சங்கடம், கேட்பதற்கு ஆள் இல்லை என்பது. மகளுக்கு எழுதிய வீட்டை எக்ஸிக்யூட்டர் கொடுக்காவிட்டால் மகள் கோர்ட்டுக்கு வருவாள். காசியில் சாப்பாடு கிடைக்காத யாத்திரிகர் சென்னப்பட்டணத்துக்கு வந்து வக்கீல் வைப்பாரா? தர்மச் சொத்து எல்லோருக்கும் உரியது. அதனாலேயே அதற்காக எழுந்து நிற்க யாரும் இருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் இதற்கு அரசரின் அட்டர்னி ஜெனரல் வாதியாக வருவார். 1813-இல் பார்லிமென்ட் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்தபோது, அதே அதிகாரத்தை இங்குள்ள அட்வகேட் ஜெனரல்களுக்கும் கொடுத்தது. தர்மத்தின் பெயரில் கோர்ட்டுக்குப் போக ஒருவருக்குச் சட்டமே வாய் கொடுத்துவிட்டது. இன்று டிரஸ்டிகள் மேல் வழக்குப் போட வக்கீல்கள் செக்ஷன் 92 என்று சிவில் நடைமுறைச் சட்டத்தை நீட்டுகிறார்களே, அதன் பாட்டனார் இதுதான்.

சென்னையில் அந்த வேலையைக் கையில் எடுத்தவர் அட்வகேட் ஜெனரல் சர் ஹெர்பர்ட் காம்ப்டன். பிற்பாடு பம்பாய்க்குத் தலைமை நீதிபதியாகப் போனவர். அவர் தொடங்கியதை முடித்து வைத்தவர் அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் நார்ட்டன். (ஜான் புரூஸ் நார்ட்டன் என்று இன்னொருவர் உண்டு, அவரும் இங்கே அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், பச்சையப்பன் விழாக்களில் பேசியவர். இரண்டு பேரையும் ஒருவராக்கி எழுதுகிறவர்கள் நிறைய.)

எக்ஸிக்யூட்டர்களிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் பிடுங்கிச் சேர்த்த பணம் வட்டியோடு ஏறத்தாழ 8 லட்சம் ரூபாய்க்கு வந்து நின்றது. கோயில், சத்திரம், அன்னதானத்துக்காகக் கோர்ட்டு ஒதுக்கியது 1 லட்சம் வராகன். அன்றைய மாற்றில் 1 வராகன் மூன்றரை ரூபாய், ஆக மூன்றரை லட்சம் ரூபாய். மிச்சம் கிட்டத்தட்ட நாலரை லட்சம். வட்டி குட்டி போட்டது என்பார்களே, இங்கே குட்டி தாயைவிடப் பெரிதாகிவிட்டது.

உயிலில் சொன்ன தர்மத்துக்கெல்லாம் ஒதுக்கியாயிற்று. மீந்த பணம் யாருக்கு? வாரிசுக்கா, சர்க்காருக்கா? இந்த மாதிரி இடத்தில் இங்கிலீஷ் சட்டத்தில் ஒரு வழி உண்டு. தர்மத்துக்கென்று கொடுத்த பணம் தர்மத்திலேயே இருக்க வேண்டும். கொடுத்தவர் சொன்னதை அப்படியே செய்ய முடியாவிட்டாலோ, செய்தும் மீந்தாலோ, அவர் நினைப்புக்குப் பக்கத்தில் வருகிற வேறொரு தர்மத்துக்குக் கோர்ட்டு திருப்பிவிடலாம். நார்ட்டன் 'பக்கத்தில் வருகிற தர்மம்' என்று காட்டியது இந்துப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தை. வடமொழி பாடசாலையிலிருந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடம் எவ்வளவு பக்கம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன்.

நார்ட்டனுக்கு அதில் சொந்த ஆசை இருந்தது. பட்டணத்து இந்துப் பிரமுகர்களைக் கூட்டி வைத்து அரசாங்கம், சட்டம் பற்றி வகுப்பு எடுத்த மனுஷர். 1839-இல் இங்கிலீஷ் கல்வி வேண்டும் என்று 70,000 பேர் கையெழுத்திட்ட மனு கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் போனது, நார்ட்டன் தலைமையில். அந்தக் கூட்டத்து மனுஷர்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. 1837-இல் ஸ்காட்லாந்து மிஷனின் ஜான் ஆண்டர்சன் பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டார். இங்கிலீஷ் படிக்கப் போகும் பையன் மதம் மாறிவிடுவானோ என்று வீட்டுக்கு வீடு பயம். கையில் பணம் இருக்கிறது, அதுவும் ஒரு சிவ பக்தரின் பணம்.

1841-இல் இந்துப் பிரமுகர்கள் டிரஸ்டிகளாகப் பொறுப்பேற்றார்கள். 1842 ஜனவரி 1-ஆம் தேதி பிராட்வேயில் பள்ளிக்கூடம் திறந்தது. காஞ்சிபுரத்திலும் சிதம்பரத்திலும் கிளைகள் வந்தன. 1889-இல் அது கல்லூரி. 1940-இல் சேத்துப்பட்டுக்குப் போனது. கணித மேதை ராமானுஜன் எஃப்.ஏ. படித்துக் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டது, அது பிராட்வே பக்கம் இருந்த காலத்தில், இந்தக் கல்லூரியில்தான். அண்ணாவும் அந்தக் கல்லூரி மாணவர். இந்துக்களின் பணம் என்ற வரையறை எத்தனை நாள் தாக்குப் பிடித்தது தெரியுமா? 1947 வரை இந்து மாணவர்களுக்கு மட்டும்தான் அங்கே இடம்.

கோயில் பக்கத்து லட்சம் வராகனும் மறக்கப்படவில்லை. கோர்ட்டு தீர்ப்பின்படி அது சர்க்கார் கஜானாவில் என்றென்றைக்கும் வட்டிக்கு விடப்பட்டிருக்கிறது, அந்த வட்டியில் காசி முதல் குமரி வரை தர்மங்கள் நடக்க வேண்டும், பட்டணத்து இந்துக்கள் அதை மேற்பார்வை பார்ப்பார்கள் என்று கல்லில் வெட்டிக் கோயில்களில் பதித்தார்கள். காஞ்சிபுரத்தில் அப்படி ஒரு கல்லைப் பார்க்கலாம். 'இந்துக்கள் எல்லோருக்கும்' என்று பொது ஜனத்தை விளித்து ஆரம்பிக்கும். வழக்கமாகக் கோயில் கல்லில் ராஜாவின் மெய்க்கீர்த்தி இருக்கும், அல்லது தானம் கொடுத்தவரின் பெருமை இருக்கும். இங்கே கோர்ட்டு டிக்ரி இருக்கிறது. இதை வாசலில் எழுதச் சொன்னவருக்கு எக்ஸிக்யூட்டர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பெட்டிக்குள் இருக்கும் உயிலைப் பத்துப் பேர் படித்திருப்பார்கள். கோயில் சுவரில் இருப்பதைப் பிரசாதம் வாங்க நிற்கிறவர்கள்கூடப் படித்துக் கேள்வி கேட்கலாம் அல்லவா?

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. லக்னோவில் கிளாட் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக்காரர் 1800 ஜனவரி 1-ஆம் தேதி உயில் எழுதி, அதே வருஷம் செப்டம்பரில் இறந்தார். கல்கத்தாவிலும் லக்னோவிலும் அவர் பிறந்த லியோனிலும் பள்ளிக்கூடம் வைக்கப் பணம் விட்டுப் போனார். கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு நடந்து, அங்கே லா மார்ட்டினியர் பள்ளிக்கூடம் திறக்க 1836 ஆகிவிட்டது. லக்னோவில் 1845. லண்டனில் பீட்டர் தெல்லுசன் என்ற பணக்காரர் 1797-இல் இறந்தபோது, மூன்று தலைமுறை முடியும் வரை யாரும் தொடாமல் பணம் வட்டியில் வளர வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். பயந்துபோன பார்லிமென்ட் 1800-இல் அப்படிச் சேர்த்து வைப்பதற்கே வரம்பு போட்டுவிட்டது. வழக்கு மட்டும் அறுபது வருஷம் நீண்டு, கடைசியில் கைக்கு வந்தது கொஞ்சம்தான். வட்டியைச் சட்டச் செலவு தின்றுவிட்டது. அதோடு ஒப்பிட்டால் பச்சையப்பர் பணம் பிழைத்ததே அதிசயம்.

பச்சையப்பரைக் 'கல்வி வள்ளல்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். மேடையில் கேட்கும்போதெல்லாம் எனக்குள் இருக்கும் குமாஸ்தா ஆட்சேபம் எழுப்புவான். மனுஷர் கேட்டது கோயில் விளக்கும் சோறும். எக்ஸிக்யூட்டர்கள் உயிலில் சொன்னபடி 1795-இல் கணக்கை முடித்திருந்தால் கோயில்களுக்குக் கட்டளை போயிருக்கும், மீதி என்று ஒன்றும் நின்றிருக்காது. உயில் எழுதி 47 வருஷம் கழித்து 1841-இல் டிரஸ்டிகள் உட்கார்ந்தபோது மேஜை மேல் இருந்த நாலரை லட்சத்தில் பெரும் பங்கு தாமதத்தின் சம்பாத்தியம். எத்தனை ஆயிரம் பிள்ளைகள் அதில் படித்தார்கள் என்று பதில் சொல்வீர்கள். சரிதான், அதை மறுக்க நான் யார்? ஆனால் அந்த 47 வருஷமும் காசி சத்திரத்து வாசலில் இலை விழாமல் திரும்பிப் போனவன் பங்கு எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. எக்ஸிக்யூட்டரின் குற்றத்தையும் கோர்ட்டின் சாமர்த்தியத்தையும் ஒன்றாகக் கலந்து, வந்த பலனை இறந்தவர் பெயரில் வரவு வைப்பது எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை, போன மாதம் கதவைத் தட்டினாள். "மாமா, பெரியப்பா உயில்ல என் பேரை எக்ஸிக்யூட்டர்னு போட்டிருக்கார். அவர் போய்ட்டார். நான் ஒத்துக்கித்தான் ஆகணுமா?"

"உன்னைக் கேட்டாரா?"

"இல்லையே. படிச்ச பொண்ணு, பாத்துப்பான்னு சொன்னாராம்."

"வேணாம்னா வேணாம்னு கோர்ட்ல எழுதிக் குடுத்துடலாம்மா. அதுக்கு முன்னாடி பேங்க்ல பணம் எடுக்கறது, வாடகை வாங்கறதுன்னு எதையும் தொட்டுடாதே. தொட்டுட்டா கழண்டுக்கறது கஷ்டம்."

அவள் ஏற்கெனவே அடையாறு வீட்டு வாடகையை இரண்டு மாதம் தன் கணக்கில் வாங்கியிருந்தாள், தம்பிகள் கேட்டார்கள் என்று. தனிக் கணக்குத் திறந்து அதை அதில் மாற்றச் சொன்னேன். ஒரு நோட்டுப் புத்தகமும் போடச் சொன்னேன், தேதி, தொகை, யாரிடமிருந்து, எதற்கு. சாட்சி கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் ஒருவராவது உயிருடன் இருக்கிறாரா என்று பார்த்துவரச் சொன்னேன். புரொபேட் மனுவோடு அவருடைய அஃபிடவிட் வேண்டும். தம்பிகளில் யாராவது கேவியட் போட்டால் மனு வழக்காக மாறிவிடும், அப்புறம் வருஷக் கணக்கில் இழுக்கும். "மனசு கஷ்டமா இருக்கு மாமா" என்றாள். இருக்கத்தான் செய்யும். உயிலில் பெயர் போட்டவர் ஒரு வார்த்தை முன்கூட்டிக் கேட்டிருந்தால், இன்னொருவர் பெயரையும் துணைக்குச் சேர்த்திருந்தால், பாதிக் கஷ்டம் இல்லை.

பச்சையப்பன் அறக்கட்டளைக்கும் கோர்ட்டுக்கும் உள்ள உறவு அறுந்துவிடவில்லை. சுப்ரீம் கோர்ட்டு போட்ட ஏற்பாட்டை 'ஸ்கீம்' என்பார்கள்: டிரஸ்டிகள் எத்தனை பேர், எப்படி வர வேண்டும், பணத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்ற சட்டகம். அது ஹைகோர்ட்டின் மேற்பார்வையில் பல முறை திருத்தப்பட்டது. பின்னாளில் வேறு கொடையாளர்கள் விட்டுப் போன தர்மங்களும் அதன் கீழ் வந்தன. நிர்வாகத்தில் தகராறு முற்றிய சமீப வருஷங்களில், ஓய்வு பெற்ற நீதிபதியை இடைக்கால நிர்வாகியாக ஹைகோர்ட் நியமித்தது. 1794-இல் கும்பகோணத்தில் எழுதிய உயிலுக்கு நிறைவேற்றுகிற ஆளை இன்றும் கோர்ட்டுதான் தேடிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஸ்கீமில் ஒரு வரி மாற்ற வேண்டும் என்று யாராவது இப்போது மனு எடுத்துப் போனாலும் அது ஒரிஜினல் சைடில்தான் நம்பர் ஆகும்.